கறுப்பாக நிற்பதெல்லாம் ஒன்றல்ல: டீச்சர் பதில்கள்

கேள்வி: டீச்சர், நாங்கள் வண்டிப்பெரியார் பக்கம் எஸ்டேட் லயத்தில் குடியிருக்கிறோம். தேயிலைக்கு மேலே மேட்டில் எங்கள் ஆட்களின் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே புல் வெட்டப் போனபோது, புல்லுக்கும் பாசிக்கும் நடுவே கறுகறுவென்று விரல் நீளத்தில் ஏதோ கூட்டமாக முளைத்திருந்தது. இலை இல்லை, குடை இல்லை. நுனி மட்டும் கொஞ்சம் அகன்று தட்டையாக இருந்தது. "செத்தவங்க நாக்க நீட்டுறாங்க, தொடாதே" என்கிறார் என் மாமியார். கமிட்டிக்காரர்கள் மருந்து அடித்து அழிக்கப் பார்க்கிறார்கள். இது என்ன? போனில் எடுத்த படங்களை அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, வண்டிப்பெரியார்

பதில்: முதல் வேலையாகக் கமிட்டிக்காரர்களிடம் சொல்லுங்கள், மருந்து வேண்டாம். அங்கே முளைத்திருப்பது புல்லைக் கெடுக்காது, மனிதரையும் ஒன்றும் செய்யாது. மாமியாரிடம் அது காளான் என்று சொல்லுங்கள். அவர் நாக்கு என்று சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. உலகத்தில் பல ஊர்களில் இதை நாக்கு என்றுதான் சொல்கிறார்கள், நானும் மண்நாக்கு என்றே எழுதப்போகிறேன்.

உங்கள் படத்தில் எனக்குப் பிடித்தது, நீங்கள் ஒன்றைப் பிடுங்கி அடிப்பாகத்தையும் காட்டியிருப்பது. நிறைய பேர் மேலே தெரிவதை மட்டும் படமெடுத்து அனுப்பிவிட்டு "பெயர் சொல்லுங்கள்" என்பார்கள். கறுப்பாக, குச்சியாக, மண்ணிலிருந்து வருகிற காளானில் பாதி விடை மண்ணுக்கு அடியில்தான் இருக்கிறது. உங்களுடையதன் அடியில் மரக்கட்டையும் இல்லை, புழுவும் இல்லை. வெறும் மண்ணும் பாசி வேரும்தான். அதனால் மண்நாக்குக் குடும்பம் என்று தைரியமாகச் சொல்கிறேன். அந்தக் குடும்பத்தில் எது என்பதை மட்டும் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. யாராவது படத்தைப் பார்த்தே முழுப்பெயரையும் சொன்னால் நம்பாதீர்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், மலைப்பக்கம் மழைக்காலத்தில் இதே உருவத்தில் வருகிறவை பல. ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லாதவையும் அதில் உண்டு. அதிகமாகக் குழப்புவது சைலேரியா. ஆங்கிலத்தில் 'செத்தவன் விரல்' என்று பெயர் வாங்கிய சைலேரியா பாலிமார்ஃபா இந்த இனத்தில்தான் வருகிறது. இது பட்ட மரத்தின் அடியிலோ, மண்ணுக்குள் புதைந்த வேர்க்கட்டையிலோ வளரும். புதைந்த கட்டையில் வளரும்போது மண்ணிலிருந்து வருவது போலவே தெரியும். அப்போது தோண்டித்தான் பார்க்க வேண்டும். அப்புறம், பிளேடால் குறுக்கே வெட்டுங்கள். சைலேரியா தக்கை மாதிரி கெட்டியாக இருக்கும், உள்ளே வெள்ளை, வெளியே மட்டும் கறுப்புத் தோல். அந்தத் தோலுக்கு அடியில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். ஒவ்வொரு குழிக்கும் மேலே ஊசிமுனை அளவு வாய் உண்டு. மண்நாக்கில் இந்தக் குழியே கிடையாது. அது வளைந்து கொடுக்கும், உள்ளேயும் கரும்பழுப்பாகத்தான் இருக்கும். ஸ்போர், அதாவது காளானுக்கு விதை போன்ற நுண்துகள், அதை உண்டாக்கும் பைகள் அதன் தலைப்பாகத்தின் வெளிமேல் முழுக்கப் படர்ந்திருக்கும். இளம் சைலேரியாவின் நுனியில் சாம்பல் வெள்ளையாக மாவு படிந்திருப்பதையும் நீங்கள் பார்த்திருக்கலாம். அதுவும் ஒரு வகை ஸ்போர்தான்.

இன்னொன்று, பூச்சியிலிருந்து முளைக்கிற கார்டிசெப்ஸ் கூட்டம். மண்ணுக்குள் புழுவோ கூட்டுப்புழுவோ செத்துக் கிடக்கும், அதன் உடம்பிலிருந்து ஒரு தண்டு மேலே வரும். மேலே நிற்பதை மட்டும் பிடித்து இழுத்தால் தண்டு அறுந்துவிடும், புழு மண்ணிலேயே தங்கிவிடும். அப்புறம் எந்தக் காலத்திலும் இனம் காண முடியாது. அதனால் எதைக் கண்டாலும் சுற்றிலும் ஒரு பிடி மண்ணோடு கத்தியால் தோண்டி எடுங்கள்.

சரி, மண்நாக்கு என்று ஆன பிறகு? கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பத்து மடங்கு போதும். காளானை வெளிச்சத்துக்குப் பக்கவாட்டில் பிடித்து ஓரத்தைப் பாருங்கள். தலையிலும் தண்டிலும் குட்டிக் குட்டியாகக் கறுப்பு முள்மயிர் நீட்டிக்கொண்டிருந்தால் அது ட்ரைக்கோக்ளோசம். விரலால் தடவினால், இரண்டு நாள் சவரம் செய்யாத தாடையைத் தடவுகிற மாதிரி இருக்கும். முள்மயிர் இல்லாமல் வழவழவென்று உலர்ந்தாற்போல் இருந்தால் பெரும்பாலும் ஜியோக்ளோசம். தொட்டால் விரலில் ஒட்டுகிற, பசை பூசினது போன்ற தண்டு இருந்தால் க்ளூட்டினோக்ளோசம். முன்பு இதையும் ஜியோக்ளோசத்திலேயே வைத்திருந்தார்கள், 2013-ல்தான் பிரித்தார்கள். மழை விட்ட உடனே பார்த்தால் எல்லாமே ஈரமாக, எல்லாமே ஒட்டுவது போலத் தோன்றும். ஒரு மணி நேரம் காகிதத்தின் மேல் வைத்துவிட்டுத் தொட்டுப் பாருங்கள்.

இதற்கு மேல் மைக்ரோஸ்கோப் இல்லாமல் நகர முடியாது. கறுப்பு நிறம் எல்லாவற்றையும் மறைத்துவிடும், ஸ்போர் மறைக்காது. ட்ரைக்கோக்ளோசம் ஹிர்சூட்டத்தின் ஸ்போரைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 100 மைக்ரானுக்கும் மேலே நீளம் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்), நல்ல பழுப்பு, குறுக்கே 15 சுவர்கள். ஒரு பையில் எட்டு ஸ்போர் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும். ட்ரைக்கோக்ளோசம் வால்டெரி என்ற இன்னொன்றும் வெளித்தோற்றத்தில் அச்சு அசல் இப்படியேதான் இருக்கும், அதில் சுவர் 7 மட்டும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதை இந்தச் சுவர்க்கணக்குதான் பிரித்துக் காட்டுகிறது.

ஜியோக்ளோசத்தில் 7 சுவர் வைத்த இனமே பல இருக்கிறது. அங்கே சுவரை மட்டும் எண்ணினால் போதாது. பைகளுக்கு நடுவே நிற்கும் மலட்டு இழைகளின் நுனியைப் பார்க்க வேண்டும். ஜியோக்ளோசம் குக்கியானத்தில் அந்த நுனி, குட்டையான உருண்டைச் செல்களைக் கோத்தது போல இருக்கும். வேறொன்றில் நுனி கொக்கியாக வளைந்திருக்கும். நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் எடுத்த காலத்தில், இந்த இழைகளைக் காட்டினால்தான் பின்பெஞ்சுப் பிள்ளைகளும் எழுந்து வருவார்கள். காளான் பாடத்தில் குடைக்காளான் படம் ஒன்றை வரைந்து முடித்துவிடுவது எனக்கு அன்றும் பிடித்ததில்லை, இன்றும் பிடிக்கவில்லை.

கருஊதா நிறத்தில் மைக்ரோக்ளோசம் அட்ரோபர்ப்பூரியம் என்று ஒன்று உண்டு. பார்த்தால் மண்நாக்குக்குத் தம்பி போலிருக்கும். அதன் ஸ்போருக்கு நிறமே இல்லை. மரபணுவைப் பார்த்தபோது அது வேறொரு வகுப்பைச் சேர்ந்தது என்று தெரிந்தது. உண்மையான மண்நாக்குகளுக்கு 2009-ல் ஜியோக்ளோசோமைசீட்டிஸ் என்று தனி வகுப்பே ஏற்படுத்தினார்கள். நூற்றாண்டுக்கும் மேலாக வேறொரு வீட்டில் வைத்திருந்த குடும்பத்துக்கு அப்போதுதான் தன் வீடு கிடைத்தது.

உங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறேன், எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். மண்நாக்கு உரம் போட்ட மண்ணை விரும்பாது. ஐரோப்பாவில் பழைய புல்வெளிகளிலும், தேவாலயங்களை ஒட்டிய கல்லறைத் தோட்டங்களிலும்தான் இவை தங்கியிருக்கின்றன. உழுது உரம் போட்ட இடங்களில் மறைந்துவிட்டன. பிரிட்டனில் ஒரு புல்வெளி எவ்வளவு பழையது, எவ்வளவு கெடாமல் இருக்கிறது என்று அளக்க ஐந்து காளான் கூட்டங்களை எண்ணுகிறார்கள். அதில் ஒன்று மண்நாக்குக் குடும்பம். உங்கள் மேட்டைச் சுற்றித் தேயிலைக்கு வருஷா வருஷம் உரம் விழுகிறது. கல்லறைத் தோட்டத்தில் யாரும் உரம் போடுவதில்லை, மண்ணைக் கிளறுவதும் குழி வெட்டும்போது மட்டும்தான். உங்கள் பெரியவர்கள் படுத்திருக்கிற அந்தத் துண்டு நிலத்தில் அதனால்தான் இது நிற்கிறது.

அதனால் கமிட்டியில் இப்படிப் பேசிப் பாருங்கள். களைமருந்து வேண்டாம், உரமும் வேண்டாம். புல்லை வழக்கம்போல வெட்டட்டும், ஆனால் வெட்டிய புல்லை அங்கேயே குவித்து மக்க விடாமல் அள்ளிக்கொண்டு போகட்டும். மக்கினால் அதுவே உரம். மாட்டுக்குப் போட்டால் இரண்டு வேலையும் முடியும்.

கேள்வி: செங்கோட்டைக்கு மேற்கே புளியரையில் எங்கள் தென்னந்தோப்பு. பழைய கறையான் புற்று ஒன்றை ஜேசிபி வைத்து இடித்தோம். அடுத்த மழையில் அந்த இடத்தில் கறுப்புக் கம்பி மாதிரி நெட்டையாக, மெல்லிசாகக் காளான் வந்தது. தோண்டினால் கறுப்புக் கட்டி கிடைத்தது. வேலைக்கு வந்த பெரியவர் அது நிலமாங்கா, மருந்து, தூக்கிப் போடாதே என்கிறார். நிஜமா?
– வாசகர், புளியரை

பதில்: பெரியவர் சொன்னது நிஜம். மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் நிலமாங்கா என்றுதான் சொல்வார்கள், நாட்டு வைத்தியத்தில் சேர்க்கிறார்கள். சைலேரியா நிக்ரிப்பெஸ் என்பது அதன் பெயர். மேலே சொன்ன செத்தவன் விரலின் நெருங்கிய சொந்தம். ஆனால் இது கட்டையில் வளராது, கறையான் புற்றில்தான் வளரும். நீங்கள் எடுத்த கறுப்புக் கட்டி அந்தக் காளான் தன் உணவைச் சேர்த்துவைக்கும் முடிச்சு. வெட்டினால் உள்ளே வெள்ளையாக இருக்கும். இதே முடிச்சைச் சீனாவில் உலிங்ஷென் என்ற பெயரில் தூக்கமின்மைக்கு மருந்தாகப் பயன்படுத்தி வருகிறார்கள்.

ஆனால் ஏன் புற்றை இடித்த பிறகு வந்தது? இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நம் பக்கத்துப் புற்றுக்கறையான்கள் விவசாயிகள். மரத்தூளையும் சருகையும் தின்று, தங்கள் கழிவைக்கொண்டு துளைத் துளையாக ஒரு பாத்தி கட்டும். அதில் டெர்மிட்டோமைசிஸ் என்ற காளானை வளர்த்துத் தின்னும். ஆடி, ஐப்பசி மழையில் புற்றோரமாக வெள்ளையாக வந்து, நாம் பறித்துக் குழம்பு வைக்கிறோமே, அந்தப் புற்றுக்காளான் இதே பயிர்தான். அதே பாத்திக்குள் சைலேரியாவும் ஒளிந்திருக்கும். கறையான் உயிரோடு வேலை செய்யும்வரை அதைத் தலைதூக்க விடாது. கூட்டம் செத்தாலோ, இடம் மாறினாலோ சில நாளில் சைலேரியா பாத்தி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். ஆய்வகத்தில் ஒரு துண்டுப் பாத்தியைக் கறையான் இல்லாமல் ஈரப் பாட்டிலில் வைத்தாலே சைலேரியா மூடிவிடுவதைப் பார்க்கலாம். ஜேசிபி கறையானை விரட்டியது, காவல் போனதும் இது எழுந்துவிட்டது. மண்ணுக்கு அடியில் பாத்தி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ, அதற்கேற்ப இதன் தண்டும் நீளும். கம்பி மாதிரி நெட்டையாக வந்ததற்கு அதுதான் காரணம்.

கட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். ஆனால் நீங்களாக அரைத்துக் குடிக்கவும் வேண்டாம். வைத்தியம் தெரிந்தவர் கேட்டால் கொடுங்கள். இன்னொரு வேண்டுகோள்: ஒரு கட்டியை அப்படியே மண்ணில் விட்டுவிடுங்கள். அடுத்த மழையில் அதிலிருந்து தண்டு எப்படி வருகிறது என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

கேள்வி: டீச்சர், நான் கூடலூரில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் பள்ளியில் ஃபோல்ட்ஸ்கோப் இருக்கிறது. அதில் காளான் ஸ்போர் தெரியுமா? எங்கள் வீட்டுப் பின்னால் பாசியில் கறுப்பு நாக்குக் காளான் வந்திருக்கிறது.
– மாணவன், கூடலூர்

பதில்: தெரியும் தம்பி. அதுவும் மண்நாக்கில் ஆரம்பித்தாயானால் நல்லாவே தெரியும். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷும் அவர் கூட்டாளிகளும் செய்த காகித மைக்ரோஸ்கோப் அது, 140 மடங்கு பெரிதாக்கும். சாதாரணக் குடைக்காளானின் ஸ்போர் பெரும்பாலும் 10 மைக்ரான் அளவுதான், ஃபோல்ட்ஸ்கோப்பில் புள்ளியாகத்தான் தெரியும். மண்நாக்கின் ஸ்போர் அதைவிடப் பல மடங்கு நீளம். ஸ்லைடில் உன் தலைமுடி ஒன்றையும் பக்கத்தில் வை. முடியின் குறுக்களவு 70 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். ஸ்போரின் நீளம் முடியின் அகலத்தைத் தாண்டுகிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

ஸ்போரை எடுக்கத் தலையைப் பிய்த்துச் சிதைக்க வேண்டாம். காளானின் அகன்ற பாகத்தை மட்டும் நறுக்கி, சுத்தமான கண்ணாடி ஸ்லைடின் மேல் படுக்கவை. மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்து மூடி ராத்திரி முழுக்க விடு. காலையில் எடுத்தால் ஸ்லைடில் பழுப்பாக ஒரு பூச்சு படிந்திருக்கும். இந்தக் காளானின் பைகள் முற்றிய ஸ்போரைத் தாங்களே வெளியே எறியும். அதனால் ஸ்லைடில் விழுந்தவை முற்றினவை என்று நம்பி எண்ணலாம். இது முக்கியம். பிளேடால் சுரண்டிப் பார்த்தால் பிஞ்சு ஸ்போரும் கலந்திருக்கும், அதில் சுவர் இன்னும் முழுதாக வந்திருக்காது. பிஞ்சை எண்ணிவிட்டு 7 என்று எழுதினால் இனமே மாறிப்போகும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கவர்ஸ்லிப் போட்டுப் பார். ஒரு ஸ்போரோடு நிறுத்தாதே, இருபதையாவது எண்ணிக் குறித்துக்கொள். முள்மயிர் பார்க்க மட்டும், தலையிலிருந்து குண்டூசித் தலை அளவு துணுக்கு எடுத்து, தண்ணீரில் வைத்து, கவர்ஸ்லிப்பின் மேல் பென்சில் ரப்பரால் மெதுவாக அழுத்து. முள்மயிர் இருந்தால் பைகளைத் தாண்டி வெளியே கூராக நீட்டிக்கொண்டிருக்கும். தடித்த சுவரோடு நன்றாகக் கறுத்திருப்பதால் உடனே கண்ணில் படும்.

எண்ணி முடித்ததும் காளானைத் தூக்கிப் போட்டுவிடாதே. காயவைத்த காளான் இருந்தால்தான் நாளைக்கு இன்னொருவர் உன் விடையைச் சரிபார்க்க முடியும். பிளாஸ்டிக் கவரில் போட்டால் ஒரே நாளில் அழுகிவிடும், காகிதப் பொட்டலம்தான் சரி. வீட்டில் விறகடுப்பு இருந்தால் அதற்கு மேலே, கை பொறுக்கிற சூட்டில் வை. நேராக நெருப்பில் காட்டாதே. பொட்டலத்தின் மேல் தேதி, இடம், எதன் மேல் வளர்ந்தது, பக்கத்தில் என்ன செடி, உயிரோடு இருந்தபோது ஒட்டியதா என்றெல்லாம் பென்சிலால் எழுது. பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். 1960-களில் மாஸ் கீஸ்டெரானஸ் என்ற டச்சு அறிஞர், இந்தியாவிலும் அக்கம்பக்க நாடுகளிலும் சேர்த்த மண்நாக்குகளை ஆராய்ந்து, 1965-ல் கட்டுரையாக வெளியிட்டார். யாரோ காயவைத்துப் பெயர் எழுதி வைத்த பொட்டலங்கள் இருந்ததால்தான் அப்படிப்பட்ட வேலை நடக்கிறது. உன் பொட்டலத்தையும் அந்த மாதிரி ஒன்றாக நினைத்துச் செய்.

கேள்வி: கறுப்புக் காளான் விஷம், வெள்ளைக் காளான் நல்லது என்பது உண்மையா?
– வாசகி, கம்பம்

பதில்: இல்லை, இது ஆபத்தான நம்பிக்கை. வீட்டுப் புல்தரையில் பெரிதாக வெள்ளைக் குடை விரித்து வருகிற குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் வாந்தியும் பேதியும் உண்டாக்கும். முற்றினால் அடிமடிப்பு பச்சையாகும். பிஞ்சில் அதுவும் வெள்ளைதான், பார்த்தால் சாப்பிடுகிற காளான் போலவே இருக்கும். வெள்ளிக்காசு போட்டுப் பார்ப்பது, பூண்டு கறுக்கிறதா என்று பார்ப்பது, ஆடு தின்கிறதா என்று பார்ப்பது, எதுவும் காளானுக்குச் செல்லாது. மண்நாக்கையும் செத்தவன் விரலையும் யாரும் உணவாகச் சேர்ப்பதில்லை, நீங்களும் சேர்க்க வேண்டாம். காளான் சாப்பிட்டு யாருக்காவது வயிறு புரட்டினால், நாட்டு மருந்து பார்த்துக்கொண்டு நேரம் கடத்தாமல், மிச்சமிருக்கிற காளானையும் ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.